பழங்கம்பியும் புதுவழியும்

வணிகத்திற்கு முதலாவன பொருளும் நாணயமும் என்பர். இவ்விரண்டனோடு மூன்றாவதாகச் செய்தியையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். சரக்கு எங்கே மிகுந்துளது, எங்கே குறைந்துளது, வாங்குவோர் விரும்புவது யாது என்பவற்றைக் காலத்தில் அறியாதவன், கிடங்கு நிறையப் பொருள் வைத்திருந்தும் இழப்பையே எய்துவான். காலந்தாழ்ந்து வரும் செய்தி வாராத செய்திக்கு ஒப்பாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிமாநகர்க்கு அணித்தேயுள்ள புள்ளலூரே போதிய சான்றாகும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்ற இடமெனக் காசக்குடிச் செப்பேடு கூறும் இவ்வூரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் நாள், கர்னல் பெய்லி நடத்திவந்த கும்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் வளைத்து அழித்தனர். பெய்லிக்குத் துணைநிற்க வேண்டிய மன்றோவின் பெரும்படை அப்பொழுது காஞ்சியிலேயே இருந்தது. இரு படைகட்கும் இடையே இருந்தது சில மணி நேர நடையே. பீரங்கி முழக்கம் கேட்டது. ஆனால் அம்முழக்கத்தின் பொருள் இதுவென உரைக்கத்தக்க செய்தி உரிய வேளையில் வந்து சேரவில்லை. துணைப்படை காலந்தாழ்ந்து புறப்பட்டுப் பயனின்றித் திரும்பியது. மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியிலுள்ள குளத்தில் எறிந்துவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அத்தோல்விக்குக் காரணங்கள் பல. ஓசை கேட்கும் தொலைவில் இருந்தும் செய்தி சேராமை அவற்றுள் ஒன்று.

இன்று அப்புள்ளலூரில் நிற்கும் ஒருவர் காஞ்சியோடும் சிங்கப்பூரோடும் ஒரு நொடியிற் பேச வல்லவராயிருக்கின்றார். எனினும், நம் சொல் எவ்வழியாகச் செல்கின்றது, அவ்வழி எப்பொழுது அடைபடும் என்னும் வினாக்கள் மறைந்துவிடவில்லை. வணிகர் பலர் செப்புக்கம்பித் தொலைபேசியைக் கைவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறிவரும் இக்காலத்தில், இவ்வினாக்களை ஆராயாது மாறுதல் தக்கதன்று. நம் கல்லூரி மாணவரிற் பலர் கடையும் ஆலையும் கிடங்கும் உடைய குடும்பங்களினின்று வருபவராதலின், இதுபற்றி எம் கருத்தைச் சிறிது கூற விழைகின்றோம்.

நம் நாட்டில் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் 1882-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பெற்றன. ஆயினும் நூறாண்டு கழிந்த பின்னரும் சிற்றூர் மக்களுக்குத் தொலைபேசி எட்டாக்கனியாகவே இருந்தது. 1984-இல் நிறுவப்பெற்ற சி-டாட் என்னும் அரசு ஆராய்ச்சி நிலையத்தார், சிற்றூர்க்கேற்ற 128 இணைப்புகளையுடைய சிறு யந்திரத்தை அமைத்து, 1986-இல் கருநாடகத்துக் கித்தூரில் இயக்கினர். இத்தகைய முயற்சிகளாலே தொலைபேசி ஊர்தோறும் பரவிற்று. 2006-ஆம் ஆண்டளவில் நாட்டிலிருந்த கம்பித் தொலைபேசிகள் ஏறத்தாழ 5 கோடி. பின்னர்க் கைப்பேசி பெருகவே, 2020-இல் அவை 2 கோடி அளவிற்குச் சுருங்கின. அதன்பின் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. ஒளியிழை வாயிலாக இணையமும் தொலைபேசியும் ஒருங்கே வரத் தொடங்கியதும் அத்தொகை மீண்டும் வளர்ந்து, 2023-இல் 3 கோடியைக் கடந்தது. ஆதலின் இறந்துபடுவது நிலைத்த தொலைபேசியன்று. செப்புக்கம்பியே என்பது விளங்கும்.

இனி, இவ்விருவகை வழிகளின் இயல்பைக் காண்போம். பழைய முறையில், நம் கடையினின்று நிலையம் வரை இரண்டு செப்புக்கம்பிகள் நமக்கென்றே ஓடின. நிலையத்திலுள்ள மின்கலங்கள் 48 வோல்ட்டு மின்சாரத்தை அக்கம்பி வழியே ஓயாது அனுப்பிக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் இருண்டு கிடந்தபோதும் தொலைபேசி மட்டும் உயிரோடிருந்ததன் காரணம் இதுவே. புதிய முறையில், நாம் பேசும் குரலை யந்திரம் நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகின்றது. அவ்வெண்களை நொடிக்கு 50 சிறு பொதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் சேரிடத்தின் முகவரியைப் பொறித்து இணையத்தில் விடுகின்றது. அவை மற்றையோர் கடிதங்களோடும் படங்களோடும் ஒரே பாதையிற் சென்று, அக்கரையில் மீண்டும் குரலாகத் தொகுக்கப்பெறுகின்றன. ஒரு பேச்சுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் வேகம் போதும். ஆகவே பத்துப் பேர் ஒருங்கே பேச ஒரு மெகாபிட் அளவே வேண்டும். எனினும் பொதிகள் வந்து சேரும் தாமதம் நொடியில் ஏழில் ஒரு பங்கை மிகுமாயின், பேசுவோர் இருவர் சொற்களும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும்.

புதுவழியின் நன்மைகள் பல. காஞ்சியில் பட்டுக்கடையும் புள்ளலூரில் நெற்கிடங்கும் உடைய வணிகர் ஒருவரை மனத்திற்கொள்வோம். முன்னர் அவர் இரண்டு இணைப்புக்குப் பணங்கட்டி, இரண்டு எண்களை வாங்குவோர்க்கு அறிவிக்க வேண்டியிருந்தது. இப்பொழுது அவர் ஓர் எண்ணையே பலகையில் எழுதுவிக்கலாம். அழைப்பு முதலிற் கடையில் ஒலிக்கும். எடுப்பாரின்றேல் கிடங்கில் ஒலிக்கும். அங்கும் எடுப்பாரின்றேல் உரிமையாளரது கைப்பேசியில் ஒலிக்கும். கடைக்கும் கிடங்குக்கும் இடையே பேசத் தனிக்கட்டணம் இல்லாதவாறு அமைத்துக்கொள்ளலாம். எவ்வழைப்பு எப்பொழுது வந்தது, எது எடுக்கப்படாது போயிற்று என்னும் கணக்கும் தானே எழுதப்பெறும்.

"கைப்பேசி இருக்க இவையெல்லாம் எதற்கு?" எனச் சிலர் வினவுவர். கடையின் எண் கடைக்கே உரியதாதல் வேண்டும். கணக்கர் ஒருவரது கைப்பேசி எண்ணே கடையின் எண்ணாயின், அவர் விலகிச்செல்லும் நாளில் பல்லாண்டு பழகிய வாடிக்கைக்காரரும் அவ்வெண்ணோடு சென்றுவிடுவர். முதலாளியின் எண்ணாயினும், அவருக்கு நோயுற்ற நாளிலும் ஓய்வில்லை. ஆதலின் வணிகர் புதுவழிக்கு மாறுதல் நன்றே என்பது எம் கொள்கை.

நிற்க. மாறுவோர் ஒன்றை மறத்தலாகாது. பழங்கம்பி நமக்குப் பேச்சை மட்டும் தந்ததன்று. மின்சாரத்தையும், நிலையான எண்ணையும், இன்ன இடத்தினின்று அழைப்பு வருகின்றது என்னும் அடையாளத்தையும் கேளாமலே தந்தது. அவற்றிற்கெல்லாம் பொறுப்பேற்றது நிலையமேயன்றி நாமல்லேம். புதுவழியில் பேச்சு மலிந்தது உண்மை. ஆனால் அப்பொறுப்புகள் இப்பொழுது வணிகரின் தோள்மேல் வந்து அமர்ந்துள்ளன. இதனை அறிந்து மாறுபவர் ஊதியம் பெறுவர். கட்டணக் குறைவு ஒன்றையே கண்டு மாறுபவர் நெருக்கடி வேளையில் ஊமையராவர்.

அவற்றுள் தலையாயது மின்சாரம். ஒளியிழை கண்ணாடியாலாயது, அது மின்சாரத்தைச் சுமந்து வாராது. கடைச் சுவரிலுள்ள இணையப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் தொலைபேசியும் அக்கணமே நிற்கும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது, சென்னையிலும் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தமை யாவரும் அறிவர். ஆகவே இன்வெர்ட்டரையோ சிறு மின்கலத்தையோ விளக்குக்கும் விசிறிக்கும் இணைக்குமுன் இணையப் பெட்டிக்கு இணைத்தல் வேண்டும். அது கொள்ளும் மின்சாரம் மிகச் சிறிதே. சாலை வெட்டுவோர் கையில் ஒளியிழை அறுபடுதலும் உண்டாதலின், அழைப்புகள் தாமே கைப்பேசிக்குத் திரும்புமாறு முன்னரே அமைத்துவைத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது எண். இருபதாண்டு பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிட்ட எண்ணை இழத்தல் கடையின் பெயரை இழத்தலோடொக்கும். பழைய எண்ணே தொடருமா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிய பின்னரே பழைய இணைப்பை விடுக. ஒரு திங்களேனும் இரண்டையும் ஒருங்கே வைத்திருத்தல் வீண்செலவன்று. தொலைநகல், திருட்டு எச்சரிக்கை மணி, பழைய அட்டை யந்திரம் முதலியன செப்புக்கம்பியை நம்பியிருப்பின், அவை புதுவழியில் இயங்குமா என்பதையும் அத்திங்களிலேயே சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது காவல். இணையத்தோடு இணைந்த தொலைபேசிப் பெட்டிக்குக் கடவுச்சொல் எளிதாயிருப்பின், கள்வர் இரவோடிரவாக அதன்வழி அயல்நாடுகட்குப் பேசிக் கட்டணத்தை நம் தலையில் வைப்பர். வெளிநாட்டு அழைப்பு வேண்டாதார் அதனை அடைத்துவைத்தலே நலம். உரிமம் பெறாதார் மலிவாகத் தரும் இணைப்பை ஏற்றல் குற்றத்திற்குத் துணைபோதலாகவும் முடியும். சட்டத்திற்கு அஞ்சுதல் வணிகர்க்கு இழிவன்று. அன்றியும், எப்பெருநிறுவனத்தையும் என்றும் நிலைப்பதென நம்பலாகாது. 2003-இல் தோன்றி உலகெங்கும் புகழ்பெற்ற ஸ்கைப் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பெற்றது.

வணிகர் கடமை இவ்வாறாக, அரசினர் கடமையும் ஒன்றுண்டு. இங்கிலாந்தில் பழைய தொலைபேசி வலையை 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்துவதெனக் குறித்திருந்தனர். தனித்து வாழும் முதியோரும் நோயாளரும் கழுத்தில் அணிந்திருந்த அபாயமணிகள் அவ்வலையை நம்பியிருந்தமையின், அந்நாளை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தனர். செல்வமும் தடையற்ற மின்சாரமும் உள்ள நாட்டிலேயே இத்துணைத் தயக்கம் வேண்டப்பட்டதெனின், நம் சிற்றூர்கட்கு எத்துணை வேண்டும்! தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகட்கும் ஒளியிழை கொண்டுசெல்லும் திட்டம் பாராட்டத்தக்கதே. ஆயின் இழையை ஊர் எல்லையிற் சேர்ப்பதோடு பணி முடிவதில்லை. ஊராட்சிக் கட்டடத்திலுள்ள பெட்டிக்கு நல்ல மின்கலம் வேண்டும். அறுந்த இழையை ஒட்ட அருகிலேயே ஆள் வேண்டும். இவ்விரண்டும் அமையுமுன் செப்புக்கம்பியைச் சுருட்டுதல், புதுப்பாலம் முடியுமுன் பழம்பாலத்தை இடிப்பதாகும். 108 வண்டியை அழைக்க வேண்டிய இரவில் ஒலியற்றிருக்கும் தொலைபேசிக்கு மலிவான கட்டணம் என்ன மதிப்புடையது?

ஆதலின் நம் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒன்று செய்வாராக. தந்தையார் கடையில் ஒரு நாழிகை மின்சாரத்தை நிறுத்தி, தொலைபேசி பேசுகின்றதா எனப் பார்ப்பாராக. பேசுமாயின் மாற்றம் முறையாக நிகழ்ந்தது என்க. பேசாதாயின் மாற்றம் இன்னும் பாதியிலே நிற்கின்றது என்க. எஞ்சிய பாதியை முடிக்கும் செலவு சிறிது. அதனை முடியாது விட்டால் நேரும் இழப்பு, கணக்குப் புத்தகத்தில் எழுதவொண்ணாதது. புதுமையை விரும்பி ஏற்பதும், ஏற்குமுன் அதன் பொறுப்பை அளந்தறிவதும் கற்றவர்க்கு அழகென்பது எம் துணிபு.