மூன்றாவது முனை

1902-ல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்கு 147 கிலோமீட்டர் தூரம் மின்கம்பி இழுத்தார்கள். அன்று உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபோது ஃபிட்டர்களும் டர்னர்களும் கைத்தொழிலை மட்டும் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் அருகிலுள்ள பூதிகோட்டையில், வீட்டு முற்றத்தில் பழைய லேத் ஒன்றைப் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். லேத்தின் மோட்டார் கேட்பதோ மும்முனை. புதிய இணைப்பென்றால் வைப்புத்தொகை, கம்பம், காத்திருப்பு.

மோட்டாரின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. மும்முனையில் மூன்று மின்னோட்டங்கள் அடுத்தடுத்து வருவதால் உள்ளே காந்தப்புலம் சுழல்கிறது. ஒருமுனையில் அது முன்னும் பின்னும் ஆடுமே தவிரச் சுழலாது. மோட்டார் உறுமும், நகராது. விட்டுவிட்டால் காயில் கருகும்.

மெக்கானிக்குகள் கண்ட மலிவான வழி கண்டென்சர். மூன்றாவது கம்பியில் மின்னோட்டத்தின் நேரத்தை மாற்றி மோட்டாரைக் கிளப்புகிறது. ஆனால் முழு பலம் கிடைக்காது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பளு ஏறினால் சூடும் ஏறும்.

அடுத்தது, பெரிய மும்முனை மோட்டார் ஒன்றை ஒருமுனையில் சும்மா ஓடவிட்டு, அதிலிருந்து மூன்றாவது முனையைப் பெறுவது. பல இயந்திரங்கள் உள்ள பட்டறைக்கு ஏற்றது. இரைச்சலும் வெட்டிச் செலவும் கூடவே வரும்.

மூன்றாவது, வி.எஃப்.டி. என்ற மின்னணுப் பெட்டி. ஒருமுனையை நேர்மின்சாரமாக்கி, மும்முனையாகத் திருப்பித் தருகிறது. வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். சாதாரண வகைப் பெட்டி 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட்தான் தரும். ஆகவே 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய சிறு மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். 3 குதிரைத்திறன் வரை இது சுலபம். அதற்கு மேல் வீட்டுக் கம்பி தாங்குமா என்று பார்த்தாக வேண்டும்.

எந்த வழியானாலும் எர்த் சரியாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற பயன்பாடு. எனவே கட்டண வகையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சுயதொழில் கடன் கொடுப்பவர்கள் லேத்தின் விலையோடு இந்தப் பெட்டியின் விலையையும் சேர்த்துக் கொடுக்கலாம். மும்முனைக் கம்பி வரும்வரை ஒரு தொழிலாளியின் கை சும்மா இருக்க வேண்டியதில்லை.