ஒரு பீடம், இரு மண்டபங்கள்

நம் ஆலயங்களின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டுவோர் கோபுரத்தின் உயரத்தையும் மணியின் எடையையும் கட்டிய குருவின் உழைப்பையும் அவற்றில் காண்பர். அவ்வாலயத்தில் யார் எங்கே நிறுத்தப்பட்டனர் என்னும் செய்தியை மட்டும் நாம் எழுதுவதில்லை.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் அச்செய்தியை எவராலும் மறைக்க இயலாது. கட்டடமே அதைச் சொல்லிவிடுகிறது. 1872இல் எழுந்த அவ்வாலயத்தில் இறைமக்களுக்கு இரண்டு மண்டபங்கள். கால்சட்டையின் இரு கால்களைப்போல் விலகிச் செல்லும் அவை பீடத்தருகே மட்டுமே கூடுகின்றன. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடாரும் பிறரும். பீடத்தில் நின்ற குரு இரு சாராரையும் கண்டார். அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை. ஒரே அப்பத்தைப் பகிர்வதற்கான இல்லம், பகிர்வோரைப் பிரிப்பதற்கென்றே அளந்து கட்டப்பட்டது!

அது அக்காலத்து நிலை, மறைப்பணியாளர் வேறென்ன செய்திருக்க இயலும் எனச் சிலர் சமாதானம் கூறுவர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அதே ஊரில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராது அனைவரும் சமம் என வலியுறுத்திய அவர் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆகவே, இம்மண்டபங்கள் எழுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நற்செய்தியின் வழி அவ்வூருக்குக் காட்டப்பட்டிருந்தது.

1910இல் இடைத்தடுப்பு அகற்றப்பட்டது. தனியிடம் தங்கள் வழிவழி உரிமை என வாதிட்டோர் திருச்சி ஆயர் பார்த் அவர்களுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு, சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று தோற்றது. பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என எபேசியருக்குப் பவுலடியார் எழுதிய திருமுகம் நம் கையில் இருந்தும், அவ்வுரிமை செல்லாது எனக் கூற ஆங்கிலேயரின் நீதிமன்றம் நமக்குத் தேவைப்பட்டதே!

அன்று தோற்ற மாமூல் இன்றும் சாகவில்லை. ஆலயத்தினின்று வெளியேறி, பல பங்குகளில் கல்லறைத் தோட்டத்தில் குடிபுகுந்துள்ளது. தேர் எத்தெருவில் செல்லும், திருவிழா வரியை யாரிடம் வாங்கலாம் என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது. சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என இந்திய ஆயர் பேரவை 2016இல் அறிவித்தது. பாவம் என அறிந்தபின் அதனை 'ஊர் வழக்கம்' என்றழைப்பது எவ்வகை நேர்மை?

வடக்கன்குளத்து இரு மண்டபங்களும் நிற்கட்டும். நம் பிள்ளைகள் கண்டு வினவட்டும். நம் மலர்கள் அவ்வரலாற்றை ஒளிக்காது அச்சிடட்டும். வரும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளை மந்திரிக்கச் செல்லுமுன், அங்கே இறந்தோரைப் பிரித்து நிற்கும் சுவரை நாம் இடித்துவிட்டுச் செல்வோம்.