மார்கழிக் குளிரும் ஒரு ‘பன்டசி’ போத்தலும்

மார்கழி பிறந்தால் பேராதனையில் இரண்டு சாமான் வெளியில் வரும். ஒன்று, பெட்டிக்கு அடியில் கிடந்த சுவெற்றர். மற்றது, வெயில் காலம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்த இனிப்புச் சென்ற். எங்கட அறை மேசையில் இப்ப இருப்பது பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘பன்டசி’. உருண்டையான கடும் இளஞ்சிவப்புப் போத்தல், மேலே பச்சைக் கல்லுகள். 2005ஆம் ஆண்டு வந்த சென்ற். அப்ப எங்களில் கனபேர் முன்பள்ளிக்கே போயிருக்கவில்லை.

இதைப் பூசிக்கொண்டு போனால் வழமையாகக் கேட்கிற விமர்சனம் இரண்டு. “சின்னப்பிள்ளை மணம்” என்பது ஒன்று. அது சரி, எங்களுக்குப் பிரச்சினை இல்லை. “மலிஞ்ச மணம்” என்பது மற்றது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்க வேணும்.

முதலில் மணத்துக்கு வருவம். அடித்த உடனே லிச்சியும் கிவியும் வரும். லிச்சி எங்கட றம்புட்டானுக்குச் சொந்தக்காரப் பழம், அதனாலோ என்னவோ அந்த மணம் எங்களுக்கு அந்நியமாகப் படுவதில்லை. கொஞ்ச நேரத்தில் பழம் பின்னுக்குப் போய், கப் கேக்கும் வெள்ளைச் சொக்லேற்றும் கலந்த இனிப்பு முன்னுக்கு வரும். கடைசியில் மஸ்க். அடுத்த நாள் சால்வையில் மிஞ்சியிருப்பது அதுதான்.

இதையே யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலோ மட்டக்களப்புக்குப் போகிற நெரிசல் பஸ்ஸிலோ அடித்துப் பாருங்கோ. தலை சுத்தும். சூட்டில் மணப்பொருட்கள் வேகமாக ஆவியாகும். லேசான பழ மணம் கெதியாகப் பறந்துபோக, பாரமான இனிப்பு வியர்வையோடு கலந்து நிற்கும். குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். பழம் கொஞ்சம் கூட நேரம் தங்கும், இனிப்பு அள்ளி வீசாமல் உடம்புக்குக் கிட்டவே இருக்கும். கம்பளித் துணி வேறு மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே இந்தச் சென்ற்றைத் திட்டுகிற கனபேர் அதைப் பிழையான மாதத்தில் மணந்திருக்கினம் என்பதுதான் எங்கட எண்ணம்.

இனி அந்த “மலிஞ்ச” என்ற சொல். பழமும் இனிப்பும் செயற்கை, ஆகவே மலிவு என்று விளக்கம் சொல்லுவினம். வனிலா மணத்தைத் தருகிற வனிலினை 1874இல் ஜேர்மனியில் ஆய்வுகூடத்தில் தயாரித்தார்கள். அதைப் போட்டு கெர்லான் நிறுவனம் 1889இல் ‘ஜிக்கி’யைச் செய்தது. 1919இல் அதே நிறுவனம் செய்த ‘மிற்சுக்கோ’வின் பேர்பெற்ற பீச் பழ மணமும் செயற்கைப் பொருள்தான். 1992இல் தியரி மியூக்லரின் ‘ஏஞ்சல்’ வந்தது. அதில் எதைல் மோல்ற்றோலைத் தாராளமாகப் போட்டார்கள். கோயில் திருவிழாவில் விற்கிற தும்பு முட்டாஸின் மணம் அது. இண்டைக்குக் கடை நிறைய இருக்கிற இனிப்புச் சென்ற்றுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ‘பன்டசி’யும் அதில் ஒரு பிள்ளைதான். விலைகூடின போத்தலுக்குள்ளே இருக்கிற பழமும் ஆய்வுகூடத்தில்தான் பழுத்தது.

விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நல்ல சந்தனமும் மல்லிகையும் சேர்ந்த சென்ற் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறிக்கொண்டே போகும். ‘பன்டசி’ அப்படி இல்லை, இரண்டாவது மணித்தியாலத்துக்குப் பிறகு அதுக்குச் சொல்லக் கதை இல்லை. இது நியாயமான குறை. ஆனால் “மலிஞ்ச மணம்” என்று சொல்லுபவர்கள் இந்தக் குறையைச் சொல்லவில்லை. அவர்கள் பூசியிருப்பவளைச் சொல்லுகினம். லெக்சர் மண்டபத்தில் ஒரு பெடியன் டியோடரன்ற்றில் குளித்துவிட்டு வந்தாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு பெட்டை பழ மணத்தோடு போனால், அவளின்ர ரசனை, குடும்பம், ஆருக்காகப் பூசினாள் என்பது வரை ஆராய்ச்சி நடக்கும்.

அதோடு காசுக் கணக்கும் இருக்கு. 2022 ஆவணி மாதம் அரசாங்கம் ஏறத்தாழ 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது, சொக்லேற், ஷம்பூவோடு வாசனைத் திரவியங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. டொலர் இல்லாத நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் முதலிடம் குடுத்தது விளங்குது. ஆனால் அந்தக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு, விருப்பப்பட்டு ஒன்றை வாங்குவதே குற்றம் போல ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டது. மகாபொல காசில் சாப்பாடும் போட்டோக்கொப்பியும் பஸ் காசும் போக மிஞ்சுவதைச் சேர்த்து ஒரு போத்தல் வாங்குகிறவளுக்கு, அது அற்பமான சாமான் இல்லை. கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிற, கோயிலுக்குச் சந்தனமும் வீட்டுக்குச் சாம்பிராணியும் தேடுகிற ஆக்கள் நாங்கள். நல்ல மணம் வேணும் என்பது எங்களுக்குப் புதிதா என்ன?

வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல். கடையில் கையில் அடித்துப் பார்த்து, அரை மணித்தியாலம் சுற்றிவிட்டு வந்து முடிவெடுங்கோ. முதல் ஐந்து நிமிஷப் பழத்தை நம்பி வாங்க வேண்டாம். விலை நம்ப ஏலாத அளவுக்குக் குறைவு என்றால் அது கொப்பியாகத்தான் இருக்கும்.

பூசுகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கு. நாலு பேர் படுக்கிற அறையில் யன்னலைச் சாத்திவிட்டு அடிக்காதேங்கோ. ஆஸ்மா இருக்கிற தோழிக்கு அது இனிப்பு இல்லை, மூச்சுத் திணறல். சுவெற்றரின் உட்பக்கம் ஒரு தரம் அடித்தால் காணும். அது கூடிப்போச்சு என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்கத்தான் வேணும், அது உடம்பு பற்றிய கதை. மலிஞ்சது என்று சொன்னால் மட்டும், எந்த மணம் மலிஞ்சது, ஏன் என்று திருப்பிக் கேளுங்கோ.