பரண்மேல் கிடக்கும் சித்திரக் கதைகள்

நாற்பது வயதைக் கடந்த தமிழர் பலருடைய வீட்டுப் பரணிலே, பழைய டிரங்குப் பெட்டியொன்றில், பால்யத்தில் சேர்த்த காமிக்ஸ் புஸ்தகங்கள் உறங்கிக் கிடக்கின்றன. வீடு மாறும்போதோ, பெற்றோர் காலமான பின்போ அப்பெட்டி திறக்கப்படுகிறது. இவற்றை வைத்துக்கொள்வதா, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதா என்ற கேள்வி அப்பொழுது எழுகிறது. இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம் மட்டுமன்று; பொது நன்மையைச் சார்ந்த விஷயம் என்பது நமது அபிப்பிராயம்.

1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தோன்றியது. அதன் முதல் வெளியீடு இரும்புக்கை மாயாவி. 1962-ல் லண்டன் 'வேலியண்ட்' பத்திரிகையில் ஆரம்பமான அக்கதைக்குச் சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. நாம் சட்டம் பயின்றது ஆங்கிலத்தில். ஆயினும் தமிழைத் தங்கு தடையின்றிப் படிக்கும் பழக்கத்தை நமக்கு அளித்தது பாடபுஸ்தகமன்று. உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் மாயாவி அடுத்த பக்கத்தில் என்ன செய்வான் என்ற ஆவலே அதை அளித்தது. நம் தலைமுறையினர் பலருடைய அனுபவமும் இதுவே.

இவற்றில் குற்றமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1936-ல் லீ ஃபாக் படைத்த 'ஃபாண்டம்' கதையில், வெள்ளைக்கார வம்சமொன்று தலைமுறை தலைமுறையாக வனவாசிகளைக் காத்து வருகிறது. பாலனாயிருந்தபோது வியந்து படித்ததை இன்று படிக்கையில் முகம் சுளிக்கிறோம். எனினும், எத்தகைய எண்ணங்கள் நம் மனத்தில் விதைக்கப்பட்டன என்பதற்கு அப்புஸ்தகமே சாட்சியம். சாட்சியத்தை அழித்துவிட்டு விசாரணை நடத்த இயலாது.

சட்டம் இருக்கிறதே என்பார் சிலர். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பிரசுரமான 30 நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சிறு பிரசுரமும் அச்சட்டத்தின்படி நூலே. ஆனால் தவறியவர்க்கு அது விதித்த அபராதமோ 50 ரூபாய்க்கு மேற்படாதது. இத்தகைய வேலி பயிரை எவ்வளவு தூரம் காக்கும்?

காத்தவர்கள் தனி மனிதர்களே. கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பையென்று ஒதுக்கிய நோட்டீஸ்களையும் பாட்டுப் புஸ்தகங்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பின் அத்தொகுப்பை விலை கொடுத்து வாங்கியது கடல் கடந்த சிக்காகோ சர்வகலாசாலை. 1994-ல் அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. தமிழ்ச் செல்வத்தைக் காக்க அயலார் முன்வரும்வரை நாம் காத்திருந்தது போதும்.

மட்டரகக் காகிதம் தன்னிலுள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். இரும்பு ஊசிகள் துருவேறித் தாளை அரிக்கும். ஆகையால் தாமதம் தகாது. பெட்டியைத் திறந்த அன்பர்கள் ஊசிகளை மெல்ல அகற்றி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் புஸ்தகங்களை வைப்பார்களாக. தலைப்பும் வருஷமும் குறித்து ஜாபிதா எழுதுவார்களாக. இரட்டைப் பிரதிகளை நூலகங்களுக்கு வழங்குவார்களாக. மிஞ்சியவற்றைத் தம் குழந்தைகளின் கையில் கொடுத்துப் படிக்கச் செய்வார்களாக. புஸ்தகம் பிறந்தது பூட்டி வைப்பதற்கன்று.