கிழ மோட்டாருக்குப் பரீட்சை

மாருதி 800 என்னும் சின்னஞ்சிறு மோட்டார் 1983-ம் வருஷம் டிஸம்பரில் வீதிக்கு வந்தது. 2014 ஜனவரியோடு அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் அரூர், பாலக்கோடு வீதிகளில் அதன் கிழப் பிரதிநிதிகள் இன்னும் தரிசனம் தருவதுண்டு.

வாடகை மோட்டாருக்கு எட்டு வயது கடந்தால் வருஷந்தோறும் தகுதிப் பரீட்சை. சொந்த வண்டிக்கோ, பதினைந்து வருஷம் பூரண விடுமுறை! பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரந்தான். இங்கிலாந்திலோ மூன்று வயதானதுமே ஆண்டுதோறும் சோதனை.

2022 ஏப்ரல் முதல் தேதி, பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. அது நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரந்தான். பரீட்சையையுமா வெறுப்பது? 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் பெரும்பாலும் தேறிவிடும். காலை வாருபவை துருப்பிடித்த தரைத்தகடும், தளர்ந்த கைப்பிரேக்குமே. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டும் சாமர்த்தியசாலிகளும் உண்டாம். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இரவல் டயரா கூட வரும்? அங்கே இடைவிடாமல் மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தேய்ந்த பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய வண்டி வாங்கச் செல்லும் நேயர்கள் வெளி மெருகில் மயங்காமல், காலடி விரிப்பைத் தூக்கித் தகட்டைத் தட்டிப் பார்ப்பார்களாக. மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தும் பார்க்கலாம்.