எட்டு எட்டு எட்டு எட்டு போட்டா நெட்டு பறக்குமா?

மக்களே, ஒரு விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா காண்டு. நெட் மெதுவா இருக்குன்னு யாராவது வாயத் திறந்தா போதும், "டிஎன்எஸ்-ல 8.8.8.8 போடு, பிச்சுக்கும்"னு ஒரு கூட்டம் கிளம்பி வந்துடுது. ஏதோ விபூதி மந்திரிச்சுக் குடுக்குற மாதிரி. கிரிவலப் பாதையில அஷ்டலிங்கம் இருக்குங்கறதுக்காக எட்டுன்னாலே சக்தின்னு நினைச்சுட்டாங்களோ என்னவோ :-)

பௌர்ணமி ராத்திரி நம்ம அடி அண்ணாமலைக்கு வந்து பாருங்க. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க சனம், எல்லார் கையிலயும் செல்போன். டவர் மூச்சுத் திணறும். அன்னிக்கு எந்த டிஎன்எஸ் போட்டாலும் வீடியோ சுத்திக்கிட்டேதான் இருக்கும். டிஎன்எஸ்-க்கு வேலை ஒண்ணுதான்: தளத்தோட பேரைக் கேட்டா எண்ணைச் சொல்லும். டீக்கடைக்காரர் வழி சொல்ற மாதிரி. அவர் சட்டுனு சொல்லிட்டா ரோட்டுல கூட்டம் குறைஞ்சிடுமா? பக்கம் திறக்க ஆரம்பிக்கிறப்போ கொஞ்சம் மில்லி செகண்ட் மிச்சமாகும், அவ்ளோதான். இணைப்புக்காரரோட சொந்த சர்வரே பக்கத்துல இருந்து அதைவிட வேகமா பதில் சொன்னாலும் சொல்லும். சந்தேகம்னா 'டிக்' கட்டளையைப் போட்டு, ஒரே பேரை வேற வேற சர்வர்கிட்ட நாலஞ்சு தடவை கேட்டுப் பாருங்க. ஊரான் சொன்ன எண்ணை விட உங்க வீட்டு அளவு பெருசு.

நிற்க. என் சண்டை வேகத்துக்காக இல்ல. அந்த டீக்கடைக்காரர் பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க?

2006 ஜூலையில மும்பை ரயில் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஒரு சில பக்கங்களைத் தடுக்கச் சொல்லி உத்தரவு போச்சு. இணையக் கம்பெனிகள் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமா மூடிட்டாங்க. பழைய பதிவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2012-ல '3' படத்துக்கும் 'தம்மு'ங்கற தெலுங்குப் படத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துல திருட்டு விசிடி தடுப்பு உத்தரவு வாங்கினாங்க. அதை வச்சு விமியோ, பேஸ்ட்பின்னுனு தளம் தளமா பூட்டு. படம் இருக்குற பக்கத்தை மட்டும்தான் தடுக்கணும்னு ஜூன் மாசம் கோர்ட்டே தெளிவுபடுத்த வேண்டியதாப் போச்சு. இப்படிப் பூட்டறதுக்கு மலிவான வழிகள்ல ஒண்ணு, டிஎன்எஸ்-ல தப்பு விலாசம் சொல்றது. காசுக்காகவும் சொல்வாங்க: 2003 செப்டம்பர்ல வெரிசைன், இல்லாத .காம் பேரைத் தட்டினவங்களை எல்லாம் தன்னோட பக்கத்துக்குத் திருப்பிச்சு. ஓபன்டிஎன்எஸ்-ஸும் 2014 வரைக்கும் அதே மாதிரி விளம்பரம் காட்டிக்கிட்டு இருந்தது.

"அதான் கூகுளுக்கு மாறு"ன்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க சாமி. 8.8.8.8-ஐ சும்மா போட்டா கேள்வி, பதில் ரெண்டுமே திறந்த போஸ்ட்கார்டு. நடுவுல இருக்குற கம்பெனி படிக்கலாம், மாத்தவும் செய்யலாம். ஆண்ட்ராய்டு 9-ல இருந்து 'பிரைவேட் டிஎன்எஸ்'னு ஒரு இடம் இருக்கே, அதுல சர்வரோட பேரைப் போடணும். அப்பதான் கவருக்குள்ள போகும். அப்பவும் நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு கம்பெனிக்குப் பெரும்பாலும் தெரியும். டிஎன்எஸ் முகமூடி இல்ல.

அடுத்து, யாரை நம்பறது? கூகுள் முழு ஐபி முகவரியை 24-லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள அழிச்சிடறேங்குது. 2018 ஏப்ரல் 1-ல வந்த கிளவுட்ஃபிளேரோட 1.1.1.1, 25 மணி நேரம்ங்குது. ரெண்டும் லாபத்துக்கு நடக்குற அமெரிக்கக் கம்பெனி. என் ஓட்டு குவாட்9-க்கு (9.9.9.9). லாபநோக்கு இல்லாதது, 2021-ல சுவிட்சர்லாந்துக்கே ஜாகை மாத்திக்கிச்சு, வைரஸ் தளங்களையும் தடுக்குது. ஒரு பாட்டுத் தளத்தைத் தடுக்கச் சொல்லி சோனி ஜெர்மனியில போட்ட கேஸை வருஷக்கணக்கா நின்னு நடத்தி, 2023 டிசம்பர்ல டிரெஸ்டன் கோர்ட்ல ஜெயிச்சாங்க. வேகத்துல நாலு மில்லி செகண்ட் பின்னாடி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எனக்கு அது போதும்.

இதையெல்லாம் ரவுட்டர்லயே ஒரே தடவை போட்டுடலாம்னு பார்த்தா, எங்க இணைப்புக்காரர் குடுத்த பொட்டியில அந்தப் பக்கத்தையே பூட்டி வச்சிருக்கு. கேட்டா, "அதெல்லாம் கம்பெனி செட்டிங்ணா, கைய வெக்கக் கூடாது"ங்கறார் அந்தத் தம்பி. மாசாமாசம் காசு கட்டறது நானு!