எர்த்தைக் கழற்றுவது ரிப்பேர் ஆகாது!

சாணார்பட்டி, திண்டுக்கல் பக்கம் கோவில் திருவிழா என்றாலே மைக்செட் தான். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைத் தூசி தட்டி மறுபடி பாட வைக்கும் ரசிகர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான தலைவலி, "உம்ம்ம்..." என்கிற இரைச்சல். அதற்குச் சொல்லப்படும் வைத்தியம்: "பிளக்கில் எர்த்தைக் கழற்றி விடு, சரியாயிடும்!"

பல நேரம் இரைச்சல் நிற்கும்தான். பூட்டைக் கழற்றினால் கதவும்தான் லேசாகத் திறக்கும். பூட்டுக்குப் பேர்போன மாவட்டத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

எர்த் இருந்தால், உள்ளே 230 வோல்ட் ஒயர் அறுந்து சேசிஸைத் தொட்ட உடனே அதிக மின்சாரம் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அந்த 230 வோல்ட் சேசிஸிலேயே காத்திருக்கும். மைக் ஒயர் வழியாகப் பாடுகிறவர் கைக்கு வரும். அவர் நிற்பதோ ஈரத் தரையில், வெறுங்காலில். 1972ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

சரி, இரைச்சலுக்கு என்ன வழி? முதலில் இன்புட் ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால், கோளாறு இரண்டு கருவிகளுக்கு நடுவே. மிக்சருக்கு ஓரிடத்தில் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வேறிடத்தில் எர்த் என்றால் சிக்னல் ஒயரிலேயே மின்சாரம் சுற்றும். இரண்டுக்கும் ஒரே போர்டில் கரண்ட் எடுக்கலாம். போதாவிட்டால் சிக்னல் ஒயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

பிடுங்கிய பிறகும் இரைச்சல் இருந்தால் கோளாறு உள்ளே. ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கலாம். அது நன்றாக இருந்தால் கிரவுண்ட் ஒயரிங்காக இருக்கலாம். கண்டென்சரை நிரப்பும் மின்சாரம் வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு 1 ஆம்பியர், துருப்பிடித்த இணைப்பு 0.01 ஓம் என்றால் 10 மில்லிவோல்ட் உண்டாகும். மைக்கிலிருந்து வருவதே சில மில்லிவோல்ட்தான்!

ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பை முதல் ஃபில்டர் கண்டென்சரின் நெகட்டிவுக்கு நேராகக் கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜின் கிரவுண்டும் தனி ஒயரில் ஒரே புள்ளிக்கு வர வேண்டும். அந்தப் புள்ளி இன்புட் பக்கம் ஓரிடத்தில் மட்டும் சேசிஸைத் தொட வேண்டும். மெயின் எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டித் தனி போல்ட்.

"பழைய செட், கை வைத்தால் ஒரிஜினல் போய்விடும்" என்பார்கள். எர்த்தை வெட்டும்போது மட்டும் ஒரிஜினல் போகவில்லையா? இரண்டு பின்னோடு வந்த செட்டுக்கும் மூன்று பின் போடுவதால் பாட்டின் இனிமை ஒன்றும் குறையாது.

ஆனால் ஒன்று. ஸ்விட்சை அணைத்த பிறகும் வால்வு செட்டின் கண்டென்சரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். விஷயம் தெரிந்தவர்தான் திறக்க வேண்டும்.

அடுத்த திருவிழாவுக்கு மைக்செட் கட்டுமுன், பிளக்கில் மூன்று பின்னும் இருக்கிறதா, பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று விழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு தடவை கேட்கட்டும்.